சிந்திய பின்பு எண்ணும் பணம்

கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்திலே நாந்த் என்றொரு சிற்றூர் உண்டு. 2013ஆம் ஆண்டு யூலை மாதம் 5ஆந் திகதி நள்ளிரவு நெருங்கும் வேளையில், அப்பகுதித் தீயணைப்புப் படையினருக்கு ஓர் அழைப்பு வந்தது. ஊர்ப்புறத்தே ஆளில்லாது நிறுத்தி வைக்கப்பட்டிருந்த எண்ணெய்ப் புகையிரதத்தின் முன்னியந்திரத்தில் தீ எரிகின்றது என்பதே செய்தி. அவர்கள் விரைந்து சென்றார்கள், இயந்திரத்தை நிறுத்தினார்கள், தீயை அணைத்தார்கள், கடமை முடிந்ததென்று திரும்பினார்கள். அவர்கள் செய்ததிற் பிழை எதுவுமில்லை. புகையிரதக் கம்பனியின் அறிவுறுத்தல்களும் அவ்வாறே இருந்தன. ஆனால் அந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபடியாலேதான் காற்றுப் பிறேக்குகள் வண்டியைப் பற்றிப் பிடித்திருந்தன என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஒருவருமில்லை. கம்பனி அனுப்பிய உத்தியோகத்தரோ தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்தவர்; இயந்திரத்தின் நுணுக்கம் அறியாதவர். காற்று மெல்ல மெல்லக் கசிந்தது. கையாற் பூட்டிய பிறேக்குகள் ஏழு மாத்திரமே. அவை அந்தப் பாரத்தைத் தாங்கப் போதவில்லை.

ஒரு மணிக்குச் சற்று முன்பாக வண்டி தானே நகரத் தொடங்கிற்று. ஐந்து இயந்திரங்களும் 72 எண்ணெய்த் தாங்கிகளும் கொண்ட அந்த நெடுவண்டி, ஏறத்தாழ ஏழு மைல் தூரம் சரிவிலே சாரதியின்றி இறங்கி, மணிக்கு 65 மைல் வேகத்தில் லாக் மெகாந்திக் என்னும் நகரின் நடுவே தடம்புரண்டது. 63 தாங்கிகள் கவிழ்ந்தன. ஏறத்தாழ 60 இலட்சம் லீற்றர் மசகெண்ணெய் வெளியேறித் தீப்பற்றியது. சனிக்கிழமை விடியுமுன் 47 பேர் மாண்டு போயினர். ஏறத்தாழ 6,000 பேர் வாழ்ந்த ஊர் அது. எண்பது ஊர்களிலிருந்தும், எல்லைக்கப்பாலுள்ள அமெரிக்காவின் மேயின் மாநிலத்திலிருந்தும் ஆயிரம் வரையிலான தீயணைப்போர் வந்து சேர்ந்தனர். எண்ணெய்த் தீயை நீரால் அணைக்க முடியாது. அதற்குத் தனியான நுரைத்திரவம் வேண்டும். அதுவும் தொலைவிலிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையொன்றிலிருந்தே வரவேண்டியதாயிற்று.

இனி, பணத்தின் கதையைக் கேளுங்கள்.

அந்தப் புகையிரதக் கம்பனி வைத்திருந்த காப்புறுதி இரண்டரைக் கோடி கனடிய டொலர். சுத்திகரிக்கும் வேலைக்கு மாத்திரம் அதைப்போற் பன்மடங்கு பணம் வேண்டியிருந்தது. கம்பனி ஒப்பந்தகாரருக்குக் கூலி கொடுக்கவில்லை. வேலையை விட்டுச் செல்வோம் என்று அவர்கள் கூறினர். எரிந்த ஊரின் நகர சபையே தன் பணத்திலிருந்து ஏறத்தாழ 40 இலட்சம் டொலரை எடுத்துக் கொடுத்து, கழுவும் வேலையை நிற்காமற் பார்த்துக்கொண்டது. ஆகஸ்ட் மாதம் 7ஆந் திகதி, அதாவது விபத்து நேர்ந்து ஐந்து வாரங்கூட நிறையாத வேளையில், கம்பனி வங்குறோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றஞ் சென்றது. மாகாண அரசும் மத்திய அரசும் கோடிக்கணக்கிற் பணத்தை வழங்கின. எண்ணெய்க்கு உடையோர், தாங்கிகளைக் குத்தகைக்கு விட்டோர், காப்புறுதிக் கம்பனிகள் எனப் பலரைச் சேர்த்து ஏறத்தாழ 45 கோடி டொலர் நட்டஈட்டு நிதியொன்று 2015இல் உருவாயிற்று. அது வந்தது நல்லதே. ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது.

கெடுத்தவனே கொடுக்க வேண்டும் என்பது நமக்கெல்லாம் இயல்பாகத் தோன்றும் நீதி. அயலான் மாடு பயிரை மேய்ந்தால் அயலானே இழப்பீடு கொடுப்பான். ஊர்ப் பொதுப்பணத்தில் ஏன் கைவைக்க வேண்டும்? புகையிரதத்திலிருந்து நஞ்சும் எரிபொருளும் சிந்தும்போது, அரசு பொதுப்பணத்தைச் செலவிட வேண்டுமா என்ற வினாவுக்குப் பலரும் இவ்விடையையே கூறுவர். இவ்விடை தவறென்று நான் சொல்லமாட்டேன். அரைகுறையானது என்பேன். மாடு மேய்ந்த பயிருக்கு அடுத்த மாதம் இழப்பீடு வாங்கலாம். நள்ளிரவில் தாங்கி வெடிக்கும்போது வேண்டுவது அன்றிரவே வேண்டும்: நுரைத்திரவம், மூச்சுக் கவசம், தாங்கியினுள் இருப்பது யாதெனக் கூறும் பட்டியல், அந்தப் பட்டியலைப் படித்து விளங்கிக்கொள்ளத்தக்க பயிற்சி பெற்ற மனிதர். இவற்றுள் எதனையும் நீதிமன்றத் தீர்ப்பைக் கொண்டு பின்னாலே வாங்க இயலாது.

அந்த மனிதர் யாவர் என்பதையும் பார்க்கவேண்டும். ஐக்கிய அமெரிக்காவிலே தீயணைப்போரில் மூன்றில் இரு பங்கினர் தொண்டர்கள். பகலிற் கடையிலும் வயலிலும் பட்டறையிலும் வேலை செய்து, அழைப்பு மணி ஒலித்ததும் ஓடிவருபவர்கள். பெரிய நகரங்களுக்குச் சம்பளம் பெறும் படைகளும் நஞ்சுப் பொருள்களைக் கையாளும் தனிக் குழுக்களும் உண்டு. ஆனால் தண்டவாளம் பெரிய நகரங்களுக்கூடாக மாத்திரம் செல்வதில்லை. நூறு சிற்றூர்களைத் தொட்டே இரண்டு நகரங்களை அது இணைக்கின்றது. அச்சிற்றூர்களுட் பலவற்றில் அவ்வண்டி நிற்பதுமில்லை, ஏற்றுவதுமில்லை, இறக்குவதுமில்லை. இரவிலே ஊதிக்கொண்டு கடந்து போகின்றது. ஊருக்கு அதனாற் கிடைப்பது அந்த ஊதலும் ஆபத்தும்தான். வீட்டுவரியை நம்பி வாழும் அச்சபையிடம், குளோரீன் தாங்கிக்கு ஆயத்தமாக இரு என்று சொல்வது எவ்வகையில் நியாயம்?

ஒகாயோ மாநிலத்திலுள்ள ஈஸ்ட் பலஸ்டைன் என்ற ஊரிற் சம்பவித்தது இதற்கு இன்னொரு முகத்தைக் காட்டுகின்றது. அங்கே புகையிரதக் கம்பனி வங்குறோத்தாகவில்லை. அந்நாட்டின் பெருஞ் செல்வமுடைய கம்பனிகளுள் ஒன்றாகிய நோர்போக் சதேர்ண் அது. 2023ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆந் திகதி இரவு, அளவுக்குமீறிச் சூடேறிய சில்லுத் தாங்குருளையொன்று உடைந்து 38 பெட்டிகள் தடம்புரண்டன. அவற்றுள் 11 பெட்டிகளில் ஆபத்தான பொருள்கள் இருந்தன. ஐந்தில் வினைல் குளோரைட்டு. ஏறத்தாழ 50 படைகளைச் சேர்ந்த 300 பேர் வரை தீயணைக்க ஓடிவந்தனர். எரிகின்ற பெட்டிக்குள் இருப்பது யாது என்ற விபரம் அவர்களுக்கு உரிய நேரத்திற் கிடைக்கவில்லை. பெட்டியின் பக்கத்தே பொருத்தப்பட்டிருந்த எச்சரிக்கைப் பலகைகள் பிளாஸ்ரிக்கினால் ஆனவை, தீயிலே உருகிவிட்டன. தீயை அஞ்சி எழுதிய எச்சரிக்கை தீயிலேயே உருகுமாயின் அதனை எழுதுவானேன்! அம்மாநிலத்திலே தொண்டர் தீயணைப்போருக்குச் சட்டம் விதித்த ஆரம்பப் பயிற்சி 36 மணித்தியாலம் மாத்திரமே என்பதையும் பின்னர் விசாரணை செய்தோர் சுட்டிக்காட்டினர்.

இதனிலும் முக்கியமானது மூன்றாம் நாள் நிகழ்ந்தது. வினைல் குளோரைட்டுத் தாங்கிகள் தாமாகவே வெடித்துவிடக்கூடும் என்றும், அதற்குமுன் அவற்றை வேண்டுமென்றே துளைத்து எரித்துவிடல் நலம் என்றும் கம்பனியும் அதன் ஒப்பந்தகாரரும் ஆலோசனை கூறினர். முடிவெடுக்கும் பொறுப்பு உள்ளூர்த் தீயணைப்புத் தலைவருடையது. அவருக்கு அளிக்கப்பட்ட அவகாசம் 13 நிமிடம். அவர் உடன்பட்டார், கரும்புகை வானளாவி எழுந்தது, அதன் படம் உலகமெங்கும் சென்றது. ஆனால் அப்பொருளை உற்பத்திசெய்த கம்பனியின் வல்லுநர்கள், தாங்கிக்குள் அத்தகைய வினை நிகழவில்லை என்று கருதினர். அக்கருத்து அத்தலைவரின் செவிக்கு எட்டவில்லை. எரித்தது அவசியமற்ற செயல் என்று அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2024ஆம் ஆண்டு யூன் மாதம் முடிவு கூறியது. மாறுபட்ட கருத்தை அறிவிக்காமல் விட்டதன் பொருட்டுக் கம்பனியையும் ஒப்பந்தகாரரையும் குறைகூறியது.

கம்பனி ஊரவருக்கு 60 கோடி டொலர் நட்டஈடு தர இணங்கிற்று. அரசாங்கத்துடன் செய்த உடன்பாடு 31 கோடி டொலருக்கு மேற்பட்டது. ஆகவே கெடுத்தவன் கொடுத்தான் என்றே வைத்துக்கொள்வோம். ஆயினும் அந்தப் பதின்மூன்று நிமிடத்திற் கிராமத்துத் தலைவரின் பக்கத்தே நின்று, கம்பனியிடம் கூலி பெறாத, வினைல் குளோரைட்டின் இயல்பை நன்கறிந்த ஒருவர், "ஐயா, பொறுங்கள், தாங்கியின் வெப்பத்தை இன்னொருமுறை பார்ப்போம்" என்று சொல்லியிருந்தால் நிலைமை எவ்வாறிருக்கும்? அத்தகைய ஒருவரை ஆண்டாண்டாகப் பேணி வைப்பதற்குச் சம்பளம் வேண்டும். அச்சம்பளம் பொதுப்பணமாகவே இருத்தல் வேண்டும். கம்பனியே எல்லாச் செலவையும் ஏற்கட்டும் என்போர், கம்பனியின் பணத்தோடு கம்பனியின் சொல்லும் வந்துசேர்வதைக் கவனிப்பதில்லை. பொதுநிதி வேண்டும் என்று நான் வாதிப்பதற்கு முதற்காரணம் இதுவே. பணப் பற்றாக்குறை எனக்கு இரண்டாங் காரணந்தான்.

அப்பணத்தை யாரிடமிருந்து திரட்டுவது? இவ்விடத்திலே கெடுத்தவன் கொடுக்கவேண்டும் என்ற நீதியை மீண்டும் அழைத்துவரலாம். வேறுபாடு ஒன்றே: கெடுக்கக்கூடியவன், கெடுப்பதற்கு முன்பே, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டமொன்று இதற்கு வழிவகுத்தது. ஆபத்தான பொருள்களை அனுப்புவோரும் ஏற்றிச்செல்வோரும் ஆண்டுதோறும் பதிவுக் கட்டணம் செலுத்தவேண்டும். அப்பணம் மாநிலங்களுக்கூடாகத் தீயணைப்போரின் பயிற்சிக்கும் திட்டமிடலுக்கும் செல்லும். நல்ல ஏற்பாடு. ஆனால் கட்டணத்தின் அளவைப் பாருங்கள். 2023இல் சிறு தொழிலுக்கு 275 டொலர். பெரிய தொழிலுக்கு 2,600 டொலர். நாட்டின் பாதிப் பரப்பிலே தண்டவாளம் விரித்து, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான பெட்டிகளை இழுக்கும் கம்பனிக்கும் அதே 2,600 டொலர்தான். ஈஸ்ட் பலஸ்டைன் விபத்தின் பின்னர், பெரும் புகையிரதக் கம்பனிகளின் கட்டணத்தை உயர்த்தித் தீயணைப்போரின் பயிற்சிக்குக் கொடுக்கும் ஏற்பாட்டை உள்ளடக்கிய மசோதாவொன்றை, இரு கட்சிகளையும் சேர்ந்த ஒகாயோ மாநிலச் செனற்றர்கள் 2023 மார்ச்சு மாதத்திற் கொண்டுவந்தனர். குழுவைக் கடந்தது, சபையிலே வாக்கெடுப்புக்கு வராமலே மடிந்துபோயிற்று.

கலிபோர்னியா மாநிலத்தின் அனுபவம் இன்னும் கசப்பானது. 1991ஆம் ஆண்டு யூலை 14ஆந் திகதி, டன்ஸ்மியூர் என்ற ஊருக்கு மேலேயுள்ள வளைவொன்றிற் புகையிரதம் தடம்புரண்டு, ஏறத்தாழ 19,000 கலன் மெதாம் சோடியம் என்னும் களைகொல்லி சக்கிரமெந்தோ ஆற்றின் மேற்பகுதியிற் கலந்தது. முப்பத்தெட்டு மைல் நீளத்துக்கு ஆறு செத்தது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மீன்கள் மாண்டன. அக்காலத்துப் போக்குவரத்து விதிகளிலே அது ஆபத்தான பொருளென்று குறிக்கப்படவுமில்லை. இத்தகைய நினைவுகளையுடைய அம்மாநிலம், 2015இற் சட்டமியற்றி, மிக ஆபத்தான பொருள்களை ஏற்றிய பெட்டியொன்றுக்கு 45 டொலர் கட்டணம் விதித்து, அதனைக்கொண்டு புகையிரத விபத்துக்கென ஆயத்தப் படையொன்றை நிறுவ முற்பட்டது. புகையிரதக் கம்பனிகள் வழக்குத் தொடுத்தன. புகையிரதத்தை நெறிப்படுத்தல் மத்திய அரசின் அதிகாரத்துக்குட்பட்டது. மாநிலம் அதிலே தலையிடலாகாது என்ற அடிப்படையிற் கட்டணத்துக்குத் தடை விழுந்தது. 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அத்தடையை உறுதிசெய்தது. மத்திய அரசு போதிய அளவு திரட்டுவதில்லை. மாநிலம் திரட்டப் புகுந்தால் சட்டம் மறிக்கின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே தண்டவாள ஓரத்து ஊர் இருக்கின்றது.

புகையிரதக் கம்பனிகளின் பக்கத்திலும் நியாயமுண்டு. அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. அமெரிக்கச் சட்டப்படி, குளோரீன் தாங்கியைக் கொண்டுசெல்லமாட்டோம் என்று புகையிரதக் கம்பனி மறுக்க முடியாது. பொதுச் சுமைகாரன் என்ற முறையில், நியாயமான வேண்டுகோள் வந்தால் ஏற்றியே ஆகவேண்டும். தான் விரும்பித் தேடாத ஆபத்துக்கு, பொருளின் உடைமையாளனை விட்டுவிட்டு என்னை மாத்திரம் பிடிப்பதேன் என்று அது கேட்கின்றது. இன்னொன்று: புகையிரதத்தின்மீது மட்டும் கட்டணத்தைச் சுமத்தினால், சரக்கு பெருந்தெருவுக்கு மாறும். ஒரே தூரத்துக்கு ஒரே அளவு சரக்கைக் கொண்டுசெல்லும்போது லொறியிலும் புகையிரதமே பாதுகாப்பானது. ஆபத்தைக் குறைக்க விதித்த வரி ஆபத்தைக் கூட்டிவிடும்.

இவ்விரு வாதங்களுக்கும் நான் தலைவணங்குகின்றேன். ஆனால் அவை காட்டும் வழி கட்டணமே வேண்டாம் என்பதன்று. கட்டணம் பொருளின்மேல் விழட்டும், எந்த வாகனத்திற் சென்றாலும் தொன் கணக்கில் விழட்டும், அனுப்புகின்றவர் செலுத்தட்டும்.

கனடா இவ்வழியிற் சிறிது தூரம் நடந்திருக்கின்றது. 2015இல் இயற்றப்பட்டு 2016 யூனில் நடைமுறைக்கு வந்த சட்டம், புகையிரதக் கம்பனிகள் தாம் ஏற்றும் பொருளின் தன்மைக்கும் அளவுக்கும் ஏற்ப, இரண்டரைக் கோடியிலிருந்து நூறு கோடி டொலர் வரை காப்புறுதி வைத்திருக்கவேண்டும் என்று விதித்தது. அக்காப்புறுதியும் போதாவிடில் மீதியைக் கொடுப்பதற்கென ஒரு நிதியை நிறுவியது. அந்நிதிக்கு, மசகெண்ணெய் அனுப்புவோர் தொன்னொன்றுக்கு 1 டொலர் 65 சதம் செலுத்த வேண்டும் என்பது தொடக்கக் கட்டளை. இது பெருஞ்சுமையோ என்று ஐயுறுவோர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாணாக்கருக்குங் கொடுக்கத்தக்க கணக்கு. லாக் மெகாந்திக்கில் இறங்கிய வண்டியில் இருந்தது 77 இலட்சம் லீற்றர். நிறையளவில் 6,000 தொன்னுக்குச் சற்று மேல். கட்டணம் ஏறத்தாழ 10,000 டொலர். லீற்றருக்கு ஒரு சதத்தின் ஏழிலொரு பங்குகூட வராது. அதனால் எந்த எண்ணெய் வணிகனும் ஓட்டாண்டியாகிவிடப் போவதில்லை.

ஆயினும் கனடாவின் நிதியிலும் இரு குறைகளைக் காண்கின்றேன். அது மசகெண்ணெய்க்கு மாத்திரம் உரியது. 2005ஆம் ஆண்டு சனவரி 6ஆந் திகதி, தென் கரோலினாவின் கிரானிற்வில் என்னும் ஆலையூரிலே, முதல்நாள் திருப்பி விடப்படாத தண்டவாளச் சந்தியொன்றினாற் சரக்கு வண்டியொன்று தவறான பாதையிற் சென்று மோதியபோது, சிந்தியது எண்ணெயன்று, குளோரீன். ஒன்பது பேர் மூச்சுத் திணறி இறந்தனர். 5,000க்கு மேற்பட்டோர் வீடுவிட்டு அகன்றனர். மறுகுறை, அந்நிதி விபத்தின்பின் நட்டஈடு கொடுப்பதற்கென அமைந்தது. நுரைத்திரவம் வாங்கி வைப்பதற்கோ ஆட்களைப் பயிற்றுவதற்கோ அமைந்ததன்று. நாந்த் தீயணைப்போருக்கு அன்றிரவு குறைந்திருந்தது காப்புறுதிப் பணமன்று. இயந்திரத்தை நிறுத்தினால் பிறேக்குக்கு யாது நேரும் என்னும் சிற்றறிவு. ஒரு மாலைநேர வகுப்பிலே கற்பித்திருக்கக்கூடிய அறிவு.

குளோரீன் இன்றிக் குடிநீர் ஏது, எண்ணெய் இன்றி வாகனம் ஏது, எல்லாரும் நுகர்வதற்கு எல்லாருமே வரிசெலுத்தினால் என்ன என்று கேட்பாரும் உளர். ஓரளவுக்கு உடன்படலாம். தொன்னுக்கு வைத்த கட்டணம் விலையிலே ஏறி, ஈற்றில் நுகர்வோரிடமே வந்துசேரும். அவ்வகையில் எல்லாரும் கொடுத்தவராவோம். வேறுபாடு யாதெனில், திறைசேரியின் பொதுப் பையிலிருந்து கொடுத்தால், அப்பணத்துக்காகத் தீயணைப்புப் படை ஆண்டுதோறும் பாடசாலையோடும் வைத்தியசாலையோடும் போட்டியிட வேண்டும். விபத்தில்லாத ஐந்தாண்டு கழிந்தால் முதலில் வெட்டுப்படுவதும் அதுவே. தனிநிதிக்கு அவ்வாபத்துக் குறைவு.

நமது நாட்டிலே இவ்வினா வேறு உருவங் கொள்ளும். புகையிரதம் அரசாங்கத் திணைக்களம். கொலன்னாவையிலிருந்து தாங்கிகளிற் செல்லும் எரிபொருளும் அரச கூட்டுத்தாபனத்தினுடையது. கெடுத்தவனைத் தேடிப்போனால் நம் வாசலிலேயே வந்து நிற்போம். 2021இற் கொழும்புக் கடலில் எரிந்த எக்ஸ்பிறஸ் பேர்ள் கப்பலின் பொருட்டு 100 கோடி டொலர் செலுத்துமாறு நமது உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 யூலையில். நான்காண்டு. கரையிலே அன்று பிளாஸ்ரிக் மணிகளை வாரியவர்கள் அத்தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை.

ஈஸ்ட் பலஸ்டைன் ஊரிலே, சுற்றுவட்டாரத் தீயணைப்போருக்கெல்லாம் பயன்படத்தக்க பயிற்சிக் கூடமொன்றைக் கட்டித்தருவதாகக் கம்பனி விபத்தின்பின் வாக்களித்திருந்தது. மதிப்பு இரண்டரைக் கோடி டொலர். 2025 சனவரியில் ஊர்ச்சபையும் கம்பனியும் 2 கோடி 20 இலட்சம் டொலருக்கு உடன்பாடு செய்துகொண்டபோது அந்தக் கூடம் கைவிடப்பட்டது. கட்டியபின் அதனை ஆண்டுதோறும் நடத்துஞ் செலவைப் பற்றிய கவலையே அதற்குக் கூறப்பட்ட காரணம்.